புதுப்பிப்பு: பிரிஸ்பேனில் காலிப் புட்டிகளுக்குப் பணம் பெறுதல்

காலிப் பானக் கலன்களைத் திருப்பிக் கொடுத்தால் பணம் தரும் திட்டத்தில் வைன் புட்டிகளை ஏற்றுக்கொள்வார்களா, பணத்தை வங்கிக் கணக்கிலேயே பெற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் விடை ஆம் என்பதே. பிரிஸ்பேன் உள்ள குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2018 நவம்பரில் தொடங்கிய இத்திட்டத்தில், 2023 நவம்பர் 1 முதல் வைன், விஸ்கி போன்றவற்றின் கண்ணாடிப் புட்டிகளும் சேர்க்கப்பட்டுவிட்டதால், அவற்றுக்கும் தலா 10 சென்ட் கிடைக்கிறது.

பால் விஷயத்தில்தான் குழப்பம் மிகுதி: வெறும் பால் வந்த கலன் எந்த அளவாயினும் செல்லாது, ஆனால் ஒரு லிட்டருக்குக் குறைவான சாக்லேட் பால் கலன் செல்லும். இதன் நியாயம் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

கலன்களைத் திரும்பப் பெறும் டிப்போவில் பணியாளர் என் பையை நீண்ட மேசையில் கவிழ்த்து, அலுமினியம், பிளாஸ்டிக், கண்ணாடி எனக் கைவேகத்தில் பிரித்து எண்ணினார். மூடிகளை வீட்டிலேயே கழற்றி, உள்ளே மிச்சமிருப்பதைக் கொட்டிவிட்டு, லேபிளைக் கிழிக்காமல் கொண்டு செல்வது நல்லது. ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும் உறுப்பினர் எண்ணை இணையத்தில் இலவசமாகப் பதிந்து பெற்றுக்கொண்டு, அங்கே அதைச் சொன்னால், தொகை நேரே கணக்கில் சேர்ந்துவிடும்; ரொக்கமாகவும் கேட்கலாம்.