முடிச்சா, கணுவா, நாட்டா?

மீனவர்களுக்கான புயல் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. காற்று வேகமெல்லாம் ‘நாட்’ (knot) கணக்கு: 17 முதல் 27 வரை தாழ்வு மண்டலம், 34 முதல் 47 வரை புயல். தமிழில் என்ன போடலாம்?

---

முடிச்சு. அளவு பிறந்ததே அதில்தான். பாய்க்கப்பலின் பின்னால், ஓரத்தில் ஈயம் பதித்த மரத்துண்டைக் கயிறு கட்டிப் போடுவார்கள். துண்டு நீரில் நிற்கும். கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 நொடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் கைவழியே எத்தனை முடிச்சு போயிற்றோ, மணிக்கு அத்தனை கடல் மைல். மணலில் ஈரம் ஏறினால் மெதுவாக இறங்கும், முடிச்சு கூடுதலாக ஓடும், வேகம் பொய்யாக ஏறிவிடும்.

---

> முடிச்சு

2ஆம் பிரிவு முழுக்க வலை முடிச்சு, ஐயா. குழம்பும். ‘கணு’ எப்படி? கரும்பிலும் மூங்கிலிலும் இடைவெளி விட்டு வருவதுதானே.

---

5ஆம் பிரிவில் ‘படகுப் பலகையில் கணு இருக்கக் கூடாது’ என்று வருகிறது. பேசாமல் நாட் என்றே எழுதுங்கள்.

---

> நாட் என்றே

பன்மையில் ‘காற்றின் வேகம் 45 நாட்கள்’ என்று எவராவது எழுதுவார். ஒன்றரை மாதம் வலை காய வேண்டியதுதான். ‘இல்’ சேர்த்தால் நாட்டில்!

---

அதனால்தான் நாள்கள் என்று எழுதச் சொல்கிறோம். நாட்கள் என்றால் நாள்பட்ட கள்.

---

கள்ளுக்குத் தனி இழை தொடங்கலாமே.

---

எதற்கு? புறநானூறு 56இல் யவனர் தந்த தேறலும் கப்பலில் வந்த சரக்குதான்.

---

சொல்லைவிட எண்ணைக் கவனியுங்கள். 45 நாட் என்பது மணிக்கு 83 கி.மீ. அலகைத் தெரியாமல் 45 கி.மீ. என்று படித்தால் அது 24 நாட்தான். புயலைத் தாழ்வு மண்டலம் என்று நினைத்துப் படகை இறக்கிவிடுவார். வரைவில் ‘மணிக்கு 45 நாட்’ என்றும் இருக்கிறது. நாட்டுக்குள்ளேயே மணி அடக்கம். இன்னொரு மணி எதற்கு? ‘மணிக்கு 45 கடல் மைல் (83 கி.மீ.)’ என்று விரித்தே எழுதலாம். கடல் மைல் 1,852 மீட்டர் என்று முதல் பக்கத்தில் ஒரு வரி போதும்.

---

எனக்குச் சம்மதம். முடிச்சுக் கதையைப் பெட்டிச் செய்தியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

---

சரி, அப்படியே விடுங்கள். நாள் இல்லை.

---

எனக்குச் சம்மதமில்லை. நாட்டை விரட்டிவிட்டு மைலைக் கூட்டி வருவானேன்? மைலுக்குக் ‘கல்’ என்று வழங்கியிருக்கிறோம். கடற்கல் என்று போடுங்கள்.

---

கடலில் கல் என்றால் கயிற்றில் கட்டி நங்கூரமாக இறக்குவது, ஐயா.