என்ஜின் ஆயில் மேல் கோட்டைத் தாண்டிவிட்டால்: உங்கள் அனுபவம் என்ன?

மழைச்சாரல்:
சர்வீஸ் முடிந்து வந்த வண்டி. மறுநாள் காலை டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கோடு போட்ட கம்பி) உருவிப் பார்த்தால் ஆயில் மேல் கோட்டுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே நிற்கிறது. போன் போட்டுக் கேட்டேன். "குறைந்தால்தான் சார் பயப்படணும், கூடினா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அந்தப் பதில்தான் உறுத்துகிறது. ஒன்றும் ஆகாது என்றால் மேல் கோடு எதற்கு? பெட்ரோல் வண்டி, டர்போ (காற்றை அழுத்தி என்ஜினுக்குள் தள்ளும் கருவி) கிடையாது. இப்படி நேர்ந்தவர்கள் என்ன ஆயிற்று என்று எழுதுங்கள்.

நெடுஞ்சாலை நண்பன்:
எனக்கு நேர்ந்தது உங்களுடையதைவிடப் பெரியது. கொஞ்ச தூரம் வேகமாகப் போனதும் மேலிருந்து டிக் டிக் என்று, வால்வைத் தள்ளும் லிஃப்டரின் சத்தம். பிறகு ஆயில் விளக்கு ஒரு முறை மின்னி அணைந்தது. ஆயில் குறைந்துவிட்டது என்று நினைத்து ஓரம் கட்டி டிப்ஸ்டிக்கை எடுத்தேன். கோட்டுக்கு மேலே, வெகு உயரம் வரை ஆயில். அதுவும் ஆயிலாக இல்லை, பொடிப் பொடிக் குமிழிகளோடு நுரை. அதைப் பார்த்த பிறகு வண்டியை ஸ்டார்ட் செய்ய மனம் வரவில்லை, இழுத்துக்கொண்டுதான் போனேன்.

வேறொரு மெக்கானிக் வடித்துப் பார்த்தார். ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக அதிகம் இருந்தது. ஃபில்டரோடு சேர்த்துச் சொல்லப்பட்ட அளவை அப்படியே ஊற்றியிருக்கிறார்கள், ஃபில்டரை மாற்றவே இல்லை. பழைய ஆயிலும் முழுக்க வடியவில்லை. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்ஷாஃப்ட் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 50 சுற்று சுற்றுகிறது. அது ஆயிலுக்குள் முங்கினால் மத்து போட்டுக் கடைந்த மாதிரிதான். பம்ப் காற்றும் ஆயிலுமாகச் சேர்த்து உறிஞ்சும், அழுத்தம் விழும். ஆயில் அதிகமாக இருந்தும் என்ஜினுக்கு ஆயில் போதாமல் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

பழைய ஸ்பேனர்:
நண்பன் சொன்னது உண்மைதான், ஆனால் கேள்வி கேட்டவரை வீணாகப் பயமுறுத்துகிறார். முக்கால் லிட்டருக்கு மேல் வேறு, மூன்று மில்லிமீட்டர் வேறு. பெரும்பாலான கார்களில் கீழ்க் கோட்டுக்கும் மேல் கோட்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு லிட்டர். அந்தக் கணக்கில் இவருக்கு அதிகம் இருப்பது நூறு, நூற்றைம்பது மில்லி. என்ஜின் ஓடும்போது ஆயிலில் ஒரு பங்கு மேலே ஏறிப் போய்விடுவதால் சம்பில் (என்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) மட்டம் தானாகவே இறங்கும். இந்த அளவுக்குக் கிராங்க் ஆயிலைத் தொடாது.

எங்கள் வீட்டில் அப்பா ஓட்டிய வண்டியில் மட்டம் எப்போதும் கோட்டுக்கு ஒரு நூல் மேலேதான் இருக்கும். அந்த என்ஜினை ஒரு தடவைகூடப் பிரித்ததில்லை.

டீசல்காரன்:
ஸ்பேனர் அண்ணா, பெட்ரோலுக்கு நீங்கள் சொல்வது சரி. டீசல் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள், அதனால் எழுதுகிறேன்.

மாமாவின் டர்போ டீசல். ஆயில் மாற்றி வந்த நாளிலிருந்தே நீலப் புகை. யாரும் கண்டுகொள்ளவில்லை. ஒரு மேட்டில் ஏறும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் என்ஜின் வேகம் எடுத்தது. மாமா சாவியைத் திருப்பி உருவியே விட்டார். சாவி அவர் கையில், என்ஜின் இன்னும் அலறுகிறது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்குப் புகை. மாமா பதறாமல் மேல் கியரைப் போட்டு, பிரேக்கை அழுத்தி மிதித்துக்கொண்டு, கிளட்சை விட்டார். ஒரு குலுக்கலோடு நின்றது.

அளவுக்கு மீறிய ஆயில், என்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியாகக் காற்றுப் பாதைக்குள் போயிருக்கிறது. டீசல் என்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை, உள்ளே வரும் ஆயிலையே எரித்துக்கொண்டு ஓடும். டர்போ சீல் போனாலும் இதே நடக்கும் என்பது தெரியும். ஆனால் இந்த வண்டியில் டர்போவைக் கழற்றிப் பார்த்தார்கள், சீல் நன்றாக இருந்தது. டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரில்தான் ஆயில் தேங்கியிருந்தது. அந்த அலறல் சத்தம் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

காலைப்பனி:
என் அனுபவம் சின்னது. கோட்டுக்கு மேலே இருக்கிறது என்று ஒரு கடையில் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திக் கொஞ்சம் வடித்தார்கள். சரியான இடத்தில் பார்த்தால் இப்போது கீழ்க் கோட்டுக்கு வந்துவிட்டது. முதலில் பார்த்த இடம் சரிவு, அவ்வளவுதான்.

அதனால் மழைச்சாரல், முதலில் ஒழுங்காக அளந்து பாருங்கள். சமதளமான தரை வேண்டும். பல வண்டிகளில் என்ஜின் சூடான பிறகு அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள். சிலவற்றில் குளிர்ந்த நிலையில்தான் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகம் என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். டிப்ஸ்டிக்கைத் துடைத்து, முழுக்க உள்ளே தள்ளி, மறுபடி எடுத்து இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் அதிகமாகத் தெரிந்தால் குறைவாகத் தெரியும் பக்கத்தை நம்புங்கள், மற்றது குழாயில் ஒட்டிய ஆயில். அப்புறமும் அதிகம் இருந்தால் போல்ட் பக்கம் போகவே வேண்டாம். டிப்ஸ்டிக் குழாய் வழியாக மெல்லிய டியூபை விட்டுப் பெரிய சிரிஞ்சால் உறிஞ்சிவிடலாம். கொஞ்சம் எடுங்கள், அளந்து பாருங்கள், தேவையென்றால் மறுபடி எடுங்கள். உங்களுடைய மூன்று மில்லிமீட்டருக்கு நானாக இருந்தால் அதுகூடச் செய்யமாட்டேன்.

ஸ்பேனர் அண்ணா, அப்பாவின் வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதை எல்லா வண்டிக்கும் சொல்ல முடியாது. இப்போதைய வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்டர் இருக்கிறது. ப்ரீதர் வழியாகப் போய் எரியும் ஆயில் அதைத்தான் மெல்ல மெல்லக் கெடுக்கும்.

பழைய ஸ்பேனர்:
தம்பி, நூறு மில்லிக்கு அது நடக்காது என்றுதான் சொல்கிறேன். அரை லிட்டர் என்றால் நானே வடிக்கச் சொல்வேன். பயந்துபோய்ப் போல்ட்டைக் கழற்றி, வாஷரை மாற்றாமல் பூட்டி, வழியெல்லாம் சொட்டவிட்ட வண்டிகள் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

தூரத்துப் பாலம்:
யாரும் ஊற்றாமலே ஏறும் ஆயிலைப் பற்றி இங்கே ஒருவரும் பேசவில்லையே. என் டீசலில் மட்டம் மாதாமாதம் உயர்ந்தது. டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் டீசல் வாடை. தினமும் குறைந்த தூரம் மட்டுமே ஓட்டம். புகை வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்துகொள்ளக் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல், பாதியில் வண்டியை அணைத்துவிடுவதால், சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. மஸ்டாவின் சில டீசல் வண்டிகளில் இதற்காகவே மேல் கோட்டுக்கும் மேலே எக்ஸ் என்று ஒரு குறி உண்டு. அதைத் தொட்டால் ஆயிலை மாற்றியாக வேண்டும். இதில் உறிஞ்சி எடுத்து மட்டத்தைச் சரிசெய்து பயனில்லை, மிச்சம் இருப்பதும் நீர்த்துப்போன ஆயில்தான்.

மட்டம் ஏறி, ஆயில் வெளுத்துக் குழம்பியும் தெரிந்தால் என்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் கலந்திருக்கிறது. அப்போது வண்டியை ஓட்டவே கூடாது. சாரல், இன்றைய மட்டத்தைக் குறித்து வையுங்கள், அடுத்த வாரமும் பாருங்கள். ஏறாமல் இருந்தால் நிம்மதியாக ஓட்டுங்கள்.

நெடுஞ்சாலை நண்பன்:
டீசல்காரன், ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்திருந்தால் உங்கள் மாமா என்ன செய்திருப்பார்? கிளட்ச் இல்லையே.

டீசல்காரன்:
காற்றை அடைப்பதுதான் வழி. காற்று உள்ளே போகும் வாயைத் தடித்த பலகையால் மூட வேண்டும். வெறும் கையை வைக்கவே கூடாது, உறிஞ்சும் வேகம் கையைக் கிழித்துவிடும். கார்பன் டை ஆக்ஸைடு தீயணைப்பான் இருந்தால் அந்த வாய்க்குள் அடிக்கலாம். இரண்டும் முடியாவிட்டால் எல்லோரையும் இறக்கிவிட்டுத் தள்ளிப் போய்விடுங்கள். அந்த வேகத்தில் என்ஜின் உடைந்தால் துண்டுகள் வெளியே தெறிக்கும்.