எம்1 மேக்கில் லினக்ஸ்: அந்த 2.5 ஜிபி பார்ட்டிஷன்

வன்தட்டு:
வேறோர் இழையில் ஒருவர், "ஆப்பிள் சிலிக்கான் (எம்1 முதலான ஆப்பிளின் சொந்தச் சிப்) மேக்கில் லினக்ஸ் நேட்டிவாக (வேறு ஓஎஸ்ஸின் துணையில்லாமல் நேரடியாக) ஓடுவதில்லை, அசாஹி என்பது மேக்ஓஎஸ் முதுகில் சவாரி" என்று எழுதிவிட்டு, கேட்டவர்களுக்குப் பதில் சொல்லாமல் போய்விட்டார். படித்ததிலிருந்து எரிச்சல். இந்த மேக்குகளுக்கான லினக்ஸான அசாஹியின் முதல் ஆல்பா (சோதனைப் பதிப்பு) 2022 மார்ச்சிலேயே வந்தாயிற்று. மேக்கைத் தொடங்கும் ஆப்பிளின் ஐபூட் நிரல் முதலில் அசாஹியின் எம்1என்1 பூட்லோடரை (ஓஎஸ்ஸை ஏற்றும் நிரல்) எழுப்புகிறது, அது யு-பூட்டை, அப்புறம் க்ரப் (இவையும் பூட்லோடர்களே), அப்புறம் லினக்ஸ் கர்னல் (ஓஎஸ்ஸின் மையக்கரு). இதில் மேக்ஓஎஸ் எங்கே ஓடுகிறது?

கருந்திரை:
எழுதியவன் நான்தான். ஓடிப்போகவில்லை, வேலை இருந்தது. நிறுவும்போது 2.5 ஜிபிக்கு ஒரு ஏபிஎஃப்எஸ் (ஆப்பிளின் கோப்பு முறை) பார்ட்டிஷன் (வட்டில் ஒதுக்கும் தனிப் பகுதி) போடுகிறதே, அதில் இருப்பது என்ன? அதை அழித்துவிட்டு லினக்ஸை பூட் செய்து காட்டுங்கள். நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

வன்தட்டு:
அது வெறும் ஸ்டப், மேக்ஓஎஸ்ஸின் வெற்றுக்கூடு. பூட் அனுமதி, ஃபர்ம்வேர் (வன்பொருளை இயக்கும் நிரல்), ரெக்கவரி (மீட்புச் சூழல்) எல்லாம் அங்கே இருக்கின்றன. ஆப்பிளின் கர்னல் இருக்க வேண்டிய இடத்தில் எம்1என்1 உட்கார்ந்திருக்கிறது. சாதாரண பிசியில் விண்டோஸை அழித்தாலும் மதர்போர்டில் யுஇஎஃப்ஐ (பிசியைத் தொடங்கும் நிரல்) இருக்கத்தானே செய்கிறது? அதைப் போன்ற வேலையில் ஒரு பகுதியை ஆப்பிள் எஸ்எஸ்டியில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

கருந்திரை:
கதை வேண்டாம். அழித்தால் பூட் ஆகுமா, ஆகாதா?

பழையமேக்:
2006 ஏப்ரலில் பூட் கேம்ப் (இன்டெல் மேக்கில் விண்டோஸ் நிறுவ ஆப்பிள் தந்த வசதி) பீட்டா வந்தபோதும் இதே மல்லுக்கட்டு. அதற்கு முந்தைய மாதமே, ஆப்பிளின் உதவியில்லாமல், பரிசுப் போட்டி வைத்து இன்டெல் மேக்கில் விண்டோஸ் எக்ஸ்பியை பூட் செய்துவிட்டார்கள். அன்றைக்கு யாரும் அதை நேட்டிவ் இல்லை என்று சொல்லவில்லை.

கருந்திரை:
இன்டெல் மேக்கில் மேக்ஓஎஸ்ஸைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு விண்டோஸை மட்டும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு சாட்சி சொல்ல வந்ததற்கு நன்றி ஐயா. இங்கே அந்த 2.5 ஜிபியைத் துடைக்க முடியுமா? என்னிடம் விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் 2 (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) இருக்கிறது. அதிலும் உண்மையான லினக்ஸ் கர்னல்தான். அதையும் நேட்டிவ் என்பீர்களா?

வன்தட்டு:
டபிள்யூஎஸ்எல் 2 விண்டோஸின் ஹைப்பர்-வி மேல் ஓடும் மெய்நிகர் இயந்திரம். விண்டோஸை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். அசாஹி ஓடும்போது நிறுத்துவதற்கு மேக்ஓஎஸ் என்று ஒன்று ஓடிக்கொண்டே இல்லை! ஆப்பிள் இந்த வழியைத் தெரிந்தே விட்டு வைத்திருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பாதுகாப்பு அளவை ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் தனித்தனியாகக் குறைக்கலாம். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து ரெக்கவரிக்குப் போய், உரிமையாளரே அனுமதி கொடுக்க வேண்டும். ஜெயில்பிரேக் (பூட்டை உடைத்து நுழைவது) எதுவும் கிடையாது. ஐபோனில் இப்படி ஒரு கதவே இல்லை. 2022 ஜூலை 31 அன்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 5.19 கர்னலை வெளியிட்டது அசாஹி ஓடிய ஆப்பிள் லேப்டாப்பிலிருந்துதான். அவருக்கு லினக்ஸ் எது என்று தெரியாதா?

கருந்திரை:
அவர் லேப்டாப்பிலும் 2.5 ஜிபி இருந்திருக்கும்.

தறி:
கருந்திரை, நீங்கள் சவாரி என்கிறீர்கள். மேக்ஓஎஸ்ஸில் ஓப்பன்ஜிஎல் என்ற வரைகலைத் தரநிலையை ஆப்பிள் 4.1-ஆம் பதிப்பிலேயே நிறுத்திவிட்டது. அசாஹியின் ஜிபியு (வரைகலைச் சிப்) டிரைவர் 2024-ல் 4.6-க்குத் தரச்சான்று வாங்கியது. ஏறி உட்கார்ந்தவன் குதிரையை முந்துவானா? அந்த ஜிபியுவுக்கு ஆப்பிள் ஒரு பக்க ஆவணம்கூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு கட்டளையாகத் தோண்டியெடுத்து எழுதினார்கள். அந்த உழைப்பை ஒரு பார்ட்டிஷன் கணக்கில் தள்ளிவிடுவது அநியாயம்.

முனியன்:
தம்பி தறி, பெருமை இருக்கட்டும். அசாஹியின் முதன்மை வெளியீடான ஃபெடோரா அசாஹி ரீமிக்ஸ் 40 2024-ல் வந்தபோதும் எம்1 மேக்புக் ஏரில் யுஎஸ்பி-சி வழியாக வெளி மானிட்டர் இருக்கவில்லை. டச் ஐடியும் (விரல்ரேகைப் பூட்டு) இருக்கவில்லை. ஓப்பன்ஜிஎல்லை வைத்து நான் என்ன செய்ய?

தறி:
அண்ணே, போன மாதம் என்விடியா இழையிலும் இதே மானிட்டர் புராணம்தான் பாடினீர்கள். பேச்சு நேட்டிவா இல்லையா என்பது.

கருந்திரை:
அதைத்தான் நானும் கேட்கிறேன். மூன்று பேர் சேர்ந்தும் "ஆகாது" என்று ஒரு வார்த்தை எழுத முடியவில்லை.

வன்தட்டு:
ஸ்டப்பை அழித்தால் பூட் ஆகாது. யுஇஎஃப்ஐயை அழித்தால் உங்கள் பிசியும்தான் பூட் ஆகாது. அதனால் உங்கள் பிசியில் விண்டோஸ் நேட்டிவ் இல்லையா?

கருந்திரை:
"ஆகாது" என்று எழுதிவிட்டீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

வன்தட்டு:
அடுத்த வாக்கியத்தையும் சேர்த்து எடுங்கள்.

முனியன்:
சரி, எம்3 சிப் மேக்குக்கு அசாஹி எப்போது வரும்? அதை யாராவது சொல்லுங்களேன்.

தறி:
சம்பளமில்லாமல் எழுதுகிறவர்களிடம் தேதி கேட்காதீர்கள் அண்ணே. மானிட்டர் வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ இருக்கிற மேக் மினி வாங்குங்கள்.

முனியன்:
லேப்டாப் வைத்திருப்பவனிடம் மினி வாங்கச் சொல்கிறாய். இந்தத் திமிர்தான் லினக்ஸ்காரர்களிடம் எனக்குப் பிடிக்காதது.