தொப்புள் தையல் ஆறவில்லை, ரிப்போர்ட்டில் 'மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம்': இது டிபியா?

பெரம்பூர் மகள்:
அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. தீபாவளி முடிந்த வாரம் லேப்ராஸ்கோபியில் பித்தப்பையை எடுத்தார்கள். தையல் பிரித்தபோது காயம் சுத்தமாக இருந்தது. ஒரு மாதம் கழித்துத் தொப்புள் பக்கத்துத் தழும்பில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. இப்போது தினமும் தண்ணீர் மாதிரி கசிகிறது. காய்ச்சல் இல்லை, நாற்றமும் இல்லை. இரண்டு கோர்ஸ் ஆன்டிபயாடிக் முடித்தாயிற்று. சீழில் ஏஎஃப்பி (டிபி வகைக் கிருமியைச் சாயம் ஏற்றிப் பார்க்கும் டெஸ்ட்) பாசிட்டிவ் என்று வந்ததும் டிபி மாத்திரை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். ஆனால் டிபிக் கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பர்ட் டெஸ்டில் டிபி இல்லை. இன்று கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் டெஸ்ட்) தலைப்பில் இருக்கும் பெயர் வந்திருக்கிறது. அம்மா தன் தட்டு, டம்ளரைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். ஒன்றரை வயதுப் பேரன் கையை நீட்டினாலும் தூக்குவதில்லை. யாராவது விவரம் சொல்லுங்கள்.

ஆதம்பாக்கத்தான்:
எனக்கும் இதேதான் சகோதரி, குடலிறக்க ஆபரேஷனுக்கு அப்புறம். மூன்று மாதம் டிபி மாத்திரை விழுங்கினேன். சிறுநீர் ஆரஞ்சு நிறமானதுதான் மிச்சம், காயம் அப்படியே இருந்தது. கல்ச்சர் பார்த்து மருந்தை மாற்றிய பிறகுதான் ஆறத் தொடங்கியது. பொறுமை வேண்டும், ஆனால் சரியாகிவிடும்.

எல்ஜே பாட்டில்:
18 வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் இருக்கிறேன். முதலில் பேரனை அம்மா மடியில் உட்கார வையுங்கள். இது டிபி இல்லை, இருமலிலோ டம்ளரிலோ ஒட்டாது. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் சாதாரணமாக வாழும் கிருமி. டிபிக் கிருமியின் உறவு என்பதால் ஏஎஃப்பி சாயத்தில் அதே சிவப்புக் குச்சியாகத் தெரியும், குழப்பமே அங்கேதான். ஆனால் டிபி வளர மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். இது ஒரு வாரத்துக்குள் கிருமி வளர்க்கும் பச்சை எல்ஜே மீடியத்தின் மேல் வெண்ணெய் நிறத்தில் புள்ளி புள்ளியாக எழும்பிவிடும். சாதாரண சீழ் கல்ச்சர் தட்டை 48 மணி நேரத்தில் தூக்கிப் போட்டுவிடுவதால்தான் பலருக்கு 'வளர்ச்சி இல்லை' என்று ரிப்போர்ட் போகிறது. ஆபரேஷன் காயம் வாரக்கணக்கில் கசிந்தால் தட்டை ஒரு வாரமாவது வைத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்கவே வேண்டாம்.

எப்படி வந்தது என்பது உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குத் தெரியாது, யாரையும் குறை சொல்ல மாட்டேன். பொதுவாக, லேப்ராஸ்கோபிக் கருவிகளில் மூட்டும் இடுக்கும் அதிகம். 2 சதவீத குளூட்டரால்டிஹைட் என்ற கிருமிநாசினித் திரவத்தில் 20 நிமிடம் ஊற வைத்தால் கிருமி குறையும், முழுதாக ஒழிய மணிக்கணக்காகும். ஊறவைத்த கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் கிருமி திரும்ப ஏறிக்கொள்ளும். 1938இல் பிரேசிலில் டா கோஸ்டா குரூஸ் இதற்குப் பெயர் வைத்ததே, ஊசி போட்ட இடத்தில் வந்த கட்டியிலிருந்து பிரித்துத்தான்.

இப்போது முக்கியமான விஷயம். வழக்கமான டிபி மருந்துகளுக்கு இது மசியாது. எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்று லேபில் பார்க்கும் மருந்துத் திறன் சோதனை கட்டாயம் கேளுங்கள். அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை பெரும்பாலும் வேலை செய்யும். கிளாரித்ரோமைசினில் மட்டும் கவனம்: அந்தச் சோதனையில் மூன்றாம் நாள் கிருமி அடங்கியதுபோல் தெரியும், 14ஆம் நாள் சோதனைத் தட்டின் அதே குழியில் கிருமி வளர்ந்து மறுபடி கலங்கியிருக்கும். அதன் எதிர்ப்பு மரபணு, மருந்தைக் கண்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறது. அதனால் 14ஆம் நாள் வரை பார்த்தார்களா என்று லேபில் கேளுங்கள். ஒரே மருந்தாகக் கொடுக்க மாட்டார்கள், குறைந்தது இரண்டு சேர்த்து, மாதக்கணக்கில். உள்ளே சீழ்ப்பை இருந்தால் வெட்டி எடுக்கவும் வேண்டியிருக்கும். டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், இந்த ரிப்போர்ட்டோடு நாளைக்கே தொற்றுநோய் மருத்துவரைப் பாருங்கள். சர்க்கரையையும் இறுக்கிப் பிடியுங்கள்.

பெரம்பூர் மகள்:
படித்துக் காட்டினேன், அம்மா அழுதுவிட்டார். நாளைக் காலை அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டேன். ஒரு சந்தேகம் சார்: எங்கள் தெருவுக்கு லாரித் தண்ணீர்தான், சம்ப்பில் இறக்கி அதில்தான் காயத்தைக் கழுவுகிறோம்.

எல்ஜே பாட்டில்:
அதை இன்றே நிறுத்துங்கள். இந்தக் கிருமி குளோரினையும் ஓரளவு தாங்கும், தொட்டிச் சுவரில் வழுவழுப்பாகப் படலம் கட்டி உட்கார்ந்துகொள்ளும். மருந்துக் கடையில் நார்மல் சலைன் பாட்டில் வாங்கிக் கழுவுங்கள். குளிக்கும்போது காயத்தின் மேல் தண்ணீர் படாத பிளாஸ்டர் ஒட்டுங்கள். 14ஆம் நாள் ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள், நானும் பார்க்கிறேன்.