மூச்சு இழுக்கும்போது கேஜ் முள் ஆடுகிறது: கோளாறு எங்கே?

நீலத்திட்டு:
ஸ்கூபா டைவிங்கில் நடந்தது. 11.1 லிட்டர் அலுமினிய காற்றுச் சிலிண்டர், யோக் (கவ்விப் பூட்டும்) இணைப்பு, வாடகை ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்தில் தரும் கருவி). பூட்டித் தந்தது படகு ஆட்கள். தண்ணீரில் குதிக்கும்போது சிலிண்டர் அழுத்தம் காட்டும் கேஜில் 200 பார். 5 மீட்டர் வரை எந்தத் தொந்தரவும் இல்லை. 18 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் முள் 140-லிருந்து 100 வரை சரிகிறது, மூச்சை விட்டதும் திரும்ப 140. இழுக்கவும் கொஞ்சம் இறுக்கம். கேஜைத்தான் மாற்றச் சொல்ல வேண்டுமா?

ஆழிக்கரை:
கேஜ் மேல பழி போடாதீங்க, அது உள்ளதைத்தான் சொல்லுது. முள் சரிஞ்சு திரும்ப ஏறினா சிலிண்டர்ல காத்து இருக்கு, ஆனா ரெகுலேட்டருக்குப் போற வழி குறுகலா இருக்குன்னு அர்த்தம். பத்துக்கு ஒன்பது தடவை சிலிண்டர் வால்வு அரைகுறையாத் திறந்திருக்கும்.

மேலே தெரியாதது கீழே ஏன் தெரியுதுன்னா, மேற்பரப்புல நிமிஷத்துக்கு 15 லிட்டர் மூச்சு விடுறவருக்கு 18 மீட்டர்ல, அதாவது 2.8 பார் அழுத்தத்துல, 42 லிட்டருக்குச் சமமான காத்து வேணும். அதுவும் சராசரிதான். இழுக்கிற உச்சக் கணத்துல தேவை இதைப் போல மூணு மடங்கு. கால் திருப்பு, அதாவது கால்வாசிச் சுற்று, மட்டும் திறந்த வால்வு 5 மீட்டர்ல சமாளிச்சுடும், 18-ல திணறும்.

இன்னொண்ணு, பலர் யோசிக்காதது: சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய அதே சந்து வழியா வர்ற காத்தும் குறையும். 140 பார்ல லேசான இறுக்கம்னா 60 பார்ல மூச்சே நிக்கலாம். அந்த நேரம் பார்த்து ஜோடி டைவர் உங்க ஆக்டோபஸை (உங்க ரெகுலேட்டர்ல இருக்கிற உபரி வாய்க்கருவி) கேட்டா ரெண்டு பேருக்கும் காத்து கிடையாது.

முத்துச்சிப்பி:
வால்வை முழுக்கத் திறந்துவிட்டுக் கால் திருப்பு பின்னால் கொண்டுவர வேண்டும் என்றுதானே சொல்லித் தருகிறார்கள்? அந்தக் கால் திருப்பால் இவ்வளவு ஆகுமா?

ஆழிக்கரை:
முழுக்கத் திறந்து கால் திருப்பு குறைச்சா ஒண்ணும் ஆகாது, காத்து தாராளமா வரும். வினை வேற இடத்துல. ஏற்கெனவே திறந்திருக்கிற வால்வை, மூடியிருக்குன்னு நினைச்சு, படகுல அவசரத்துல ஒருத்தர் தப்புப் பக்கம் திருப்புவார். அது மூடிக்கும். 'முழுக்கத் திறந்தாச்சு' என்ற நினைப்பில் கால் திருப்பு 'பின்னால்' கொண்டுவருவார். இப்ப வால்வு திறந்திருக்கிறது அந்தக் கால் திருப்பு மட்டும்தான். பழைய வால்வுகள் கடைசி வரை திருகினா இறுகிப் பிடிச்சுக்கும்னு வந்த பழக்கம் இது. இன்றைய வால்வுக்குத் தேவையில்லை. முழுசாத் திற, இல்லைன்னா முழுசா மூடு. நடுவுல ஒரு நிலையே வேண்டாம்.

நீலத்திட்டு:
சரி, வால்வு முழுக்கத் திறந்தும் முள் ஆடினால்?

உப்புக்காற்று:
அப்போது ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் (ரெகுலேட்டரில் சிலிண்டரோடு பூட்டும் பகுதி) வாயிலில் இருக்கும் சிறிய உலோக வடிகட்டியைப் பாருங்கள். கழற்றக்கூட வேண்டாம், யோக்கைப் பிரித்தாலே தெரியும். பச்சை படிந்திருந்தால் உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. தூசி மூடியைப் போடாமல் கழுவியிருப்பார்கள். செம்பழுப்பு என்றால் இரும்புச் சிலிண்டரின் துரு. கறுப்பு என்றால் கம்ப்ரஸர் வடிகட்டியைச் சந்தேகப்படுங்கள். அந்த இடத்தில் நிரப்பிய எந்த சிலிண்டரையும் தொடாதீர்கள். வெளிறிய சாம்பல் தூள் அலுமினியச் சிலிண்டருக்குள் அரிப்பு. எந்த நிறமாக இருந்தாலும் அந்த ரெகுலேட்டர் சர்வீஸுக்குத்தான், தண்ணீருக்கு அல்ல.

வடிகட்டி பளிச்சென்று இருந்தால் வால்வின் அடியில் சிலிண்டருக்குள் நீளும் குழாயில் அடைப்பு இருக்கலாம். அதே ரெகுலேட்டரை வேறு சிலிண்டரில் மாட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் குற்றவாளி சிலிண்டர்.

சோதனையை நின்றுகொண்டே செய்யலாம். கேஜைக் கண்ணெதிரே பிடித்து நான்கு ஆழமான மூச்சு. பிறகு மூச்சு இழுத்துக்கொண்டே பிசிடி (மிதவை உடுப்பு) காற்று நிரப்பும் பொத்தானையும் ஆக்டோபஸில் காற்றைத் தள்ளும் பர்ஜ் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். முள் துள்ளக் கூடாது. கேஜில் 200 தெரிகிறது என்பது மட்டும் போதவே போதாது: திறந்து மூடிய வால்விலும் குழாய்க்குள் தங்கிய காற்று 200 காட்டும். இரண்டு மூன்று மூச்சில் பூஜ்யம்.

முத்துச்சிப்பி:
கீழே இருக்கும்போதே கண்டுபிடித்தால்?

ஆழிக்கரை:
மேற்கொண்டு இறங்கக் கூடாது. ஜோடிக்குச் சைகை காட்டி வால்வைப் பார்க்கச் சொல்லுங்க. வால்வைத் திருகுற குமிழை நேரா பார்க்கிறவருக்குக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை திறப்பு. நீங்களே கை நீட்டினா, வலது தோளுக்குப் பின்னால இருக்கிற குமிழோட மேல்பக்கம் பின்னோக்கிச் சுழலணும். எந்தப் பக்கம்னு சந்தேகம் இருந்தா தொடாதீங்க, தப்பாத் திருப்பினா இருக்கிறதும் போயிடும். ஜோடியோட ஆக்டோபஸை வாங்கிக்கிட்டு நிமிஷத்துக்கு 9 மீட்டருக்கு மிகாம ஏறுங்க. அவர் சிலிண்டர்ல காத்து மிச்சம் இருந்தா 5 மீட்டர்ல 3 நிமிஷம் நில்லுங்க.

உப்புக்காற்று:
வால்வைத் திறக்கும்போது மெதுவாக, கேஜின் கண்ணாடி முகம் யாரையும் பார்க்காமல். யோக் வால்வில் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான 014 அளவு ஓ-ரிங்கில் வெடிப்போ நசுங்கலோ இருந்தால் ஊதித் தள்ளும் இடம் இதுதான். பையில் நாலைந்து ஓ-ரிங்கும், அதைக் கிளப்ப ஒரு பித்தளைக் கொக்கியும் வையுங்கள். இரும்பு ஊசியால் நோண்டினால் ஓ-ரிங் அமரும் பள்ளத்தில் கீறல் விழும், அப்புறம் எத்தனை ஓ-ரிங் மாற்றினாலும் கசியும்.