செகா மெகா டிரைவ்: சென்னா பந்தயம் பாதியில் அணைந்து முதலிலிருந்து தொடங்குகிறது, அவசரம்

கட்டபெட்டு_காற்று (மாலை 6:52)
அவசர உதவி தேவை. டிவியில் செருகி ஆடும் பழைய வீடியோ கேம் பெட்டி. பந்தய வீரர் சென்னா படம் போட்ட கார் பந்தய கேசட். போட்டால் செகா என்று வருகிறது, சென்னா முகம் வருகிறது, பந்தயமும் தொடங்குகிறது. முதல் வளைவு வருவதற்குள் திரை ஒருமுறை துடித்துக் கறுத்துப்போய் மறுபடியும் செகா. பகலில் ஒழுங்காக ஓடியது. நாளை அண்ணன் பிள்ளைகள் கோவையிலிருந்து வருகிறார்கள், ஓட்டிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஊதிப் பார்த்தாயிற்று. என்ன செய்யலாம்?

பழையபெட்டி
வருக. இந்தப் பகுதியின் உச்சியில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. எந்த மாடல், எந்த அடாப்டர், எந்த டிவி என்ற மூன்றையும் எழுதாமல் கேள்வி கேட்காதீர்கள் என்று தமிழில்தான் எழுதியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை. "சென்னா படம் போட்ட கேசட்" என்பது 1992இல் வந்த அயர்டன் சென்னாவின் சூப்பர் மொனாக்கோ ஜிபி இரண்டாம் பாகமாகத்தான் இருக்க வேண்டும். அதிலும் மெகா டிரைவ், மாஸ்டர் சிஸ்டம், கேம் கியர் என்று செகாவின் மூன்று பெட்டிகளுக்கும் மூன்று வடிவங்கள் உண்டு. உங்களுடையது எது என்று நாங்கள் சோழி உருட்டிப் பார்க்க முடியாது. பிறகு, ஊதாதீர்கள். எச்சில் பட்டால் செம்பு பச்சை பிடிக்கும்.

குன்னூர்க்குருவி
தலைப்பிலேயே மெகா டிரைவ் என்று இருக்கிறதே ஐயா.

கட்டபெட்டு என்றால் நீலகிரி மலை, கேட்கவே வேண்டாம், ஈரம்தான். எங்கள் வீட்டில் பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பே வாரத்தில் வெள்ளை பூத்துவிடும். கேசட்டின் அடிப்பக்கம் எட்டிப் பாருங்கள், பக்கத்துக்கு 32 வீதம் 64 தங்கப் பட்டைகள் இருக்கும். அதன் மேல் பால் ஆடைபோல மங்கல் படிந்திருந்தால் அதுதான் குற்றவாளி. பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். கைபேசி பழுது பார்க்கும் கடையில் கேட்டால் ஒரு மூடி அளவு கொடுப்பார்கள். மருந்துக் கடை ஸ்பிரிட் வேண்டாம், அதில் தண்ணீர் இருக்கும்.

ஐம்பதுஹெர்ட்ஸ்
பால் (PAL) முறைப் பெட்டியா, என்டிஎஸ்சி (NTSC) பெட்டியா? இரண்டும் டிவிக்குப் படம் அனுப்பும் முறைகள். நம் நாட்டு டிவி பால் முறை, படம் விநாடிக்கு 50 முறை. ஜப்பான், அமெரிக்கப் பெட்டிகள் 60. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் படம் உருளும், துடிக்கும், கறுப்பு வெள்ளையாகும். இந்தப் பகுதியில் வரும் சிக்கல்களில் பாதி இதுதான் என்று நான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சாலிடர்சாமி
டிவி ஒத்துப்போகாவிட்டால் படம் கெடும், ஆட்டம் முதலிலிருந்து தொடங்காது. கட்டபெட்டு, இவற்றுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.
படம் வண்ணத்தில் வருகிறதா?
ஆட்டத்துக்கு முன்னால் கறுப்புத் திரையில், செகாவின் உரிமத்தின் கீழ் தயாரிக்கப்பட்டது என்று ஆங்கில வாசகம் வருகிறதா?
பெட்டியின் முன்புறம் ஒலி கூட்டிக் குறைக்கும் நழுவு விசை உண்டா?
அடாப்டரின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது?

நிழல்
இத்தனை பாடு எதற்கு? கைபேசியில் எமுலேட்டர் (பழைய பெட்டியைப் போல நடிக்கும் செயலி) போட்டு டிவியில் காட்டுங்கள். பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியாது.

கட்டபெட்டு_காற்று
பெட்டி கறுப்பு. டிவி பழைய டிவி. அடாப்டர் கூடவே வந்தது. வண்ணம் வருகிறது. அந்த வாசகமும் வருகிறது. இப்போதும் அப்படியேதான் அணைகிறது.

பழையபெட்டி
"பெட்டி கறுப்பு." உலகத்தில் உள்ள மெகா டிரைவ் பெரும்பாலும் கறுப்புதான் அம்மா.

கட்டபெட்டு_காற்று
நான் அம்மா இல்லை, ஐயாவும் இல்லை, சித்தி. நழுவு விசை இருக்கிறது. அடாப்டர் எழுத்து தேய்ந்துபோயிருக்கிறது, 9 வோல்ட் என்பது மட்டும் தெரிகிறது. சுவரில் செருகும் முனை மூன்றும் சதுரமாக இருப்பதால் இடையில் ஒரு மாற்று பிளக் போட்டிருக்கிறேன்.

குன்னூர்க்குருவி
வாசகம் வருவதே என் கட்சிக்குச் சாட்சி. அந்தப் பெட்டி கேசட்டின் தலைப்பகுதியில் செகா என்ற எழுத்துகளைப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் அந்த வாசகத்தையே காட்டும். ஆக, தொடக்கத் தகவல் சரியாகப் படிக்கப்படுகிறது. பந்தயத்துக்கான தகவல் வேறு முகவரியில் இருக்கும், அங்கே ஒரு பட்டை மட்டும் சரியாகத் தொடவில்லை. எப்போதும் ஒரே இடத்தில் அணைகிறது அல்லவா?

சாலிடர்சாமி
சதுர முனை மூன்றா? அது பிரிட்டன் பிளக். பெட்டி அங்கிருந்தா வந்தது?

கட்டபெட்டு_காற்று
ஆமாம், மாமா லண்டனில் இருந்தபோது வாங்கியது. எப்போதும் ஒரே இடம் என்று இல்லை, ஒரு முறை சென்னா முகத்திலேயே அணைந்தது. சத்தம் எப்போதுமே வராது, ஆன்டெனா கம்பி வழியாக வெறும் இரைச்சல்தான். அதை விடுங்கள், அணைவதற்கு வழி சொல்லுங்கள்.

சாலிடர்சாமி
அதை விடக்கூடாது. இதை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் இத்தனை நேரம் சுற்றியிருக்க வேண்டாம்.

சத்தம் வராதது பழுதே அல்ல. பிரிட்டனும் இந்தியாவும் இரண்டும் பால் முறைதான், அதனால் படமும் வண்ணமும் வந்துவிடும். ஆனால் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி அங்கே 6 மெகாஹெர்ட்ஸ், இங்கே 5.5. உங்கள் டிவி ஒலியைத் தவறான இடத்தில் தேடுகிறது. டிவி மெனுவில் சவுண்ட் சிஸ்டம் என்று இருந்தால் பி/ஜி (B/G) என்பதை ஐ (I) என்று மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத டிவியானால், பெட்டியின் முன்னால் இயர்போன் துளை இருக்கிறது, அதில் ஒரு சிறிய ஸ்பீக்கரைச் செருகுங்கள். ஸ்டீரியோவே வரும்.

அணைவதற்கு வருகிறேன். அந்த அடாப்டர் கையில் கனக்கும், உள்ளே இரும்பு டிரான்ஸ்பார்மர். சுவரில் வோல்டேஜ் இறங்கினால் அதுவும் அதே விகிதத்தில் இறங்கும். அதுவும் அந்தக் காலத்துப் பிரிட்டனின் 240 வோல்ட்டுக்குச் செய்தது. பெட்டிக்குள் 7805 என்ற ரெகுலேட்டர்கள் அதை 5 வோல்ட்டாக ஆக்குகின்றன. அவற்றுக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வர வேண்டும். அதற்குக் கீழே போனால் 5 வோல்ட் தள்ளாடும், பெட்டி தூங்கி விழித்து முதலிலிருந்து தொடங்கும். கேசட் தொடர்பு கெட்டிருந்தால் பெரும்பாலும் படம் உறைந்து நிற்கும்.

பகலில் ஓடுகிறது, மாலையில் அணைகிறது. மாலை ஆறரைக்கு மேல் நம் மலையில் வீட்டுக்கு வீடு கீசரும் ஹீட்டரும். வீட்டில் பிரிட்ஜ் ஸ்டெபிலைசர் இருந்தால் அதன் முகப்பில் இன்புட் எவ்வளவு காட்டுகிறது என்று இப்போதே பார்த்துச் சொல்லுங்கள்.

நிழல்
அப்படியானால் இணைய ரவுட்டர் அடாப்டர் ஒன்றைச் செருகிப் பார்க்கலாமே. எல்லார் வீட்டிலும் ஒன்று சும்மா கிடக்கும்.

சாலிடர்சாமி
செருகாதீர்கள்! நழுவு விசை உள்ள முதல் மாடலுக்கு நடுமுனை எதிர்மின், 9 வோல்ட், 1.2 ஆம்பியர். ரவுட்டர் அடாப்டர்கள் பெரும்பாலும் 12 வோல்ட், நடுமுனை நேர்மின். இரண்டாம் மாடல் மெகா டிரைவ்கூட நேர்மின்தான், பிளக்கும் வேறு. செகா, செகா என்று மாற்றிப் போட்டுவிட்டு வந்து அழுதவர்கள் இந்தப் பகுதியிலேயே உண்டு.

வளைவு36
கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, ஆனால் இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் போக மனம் வரவில்லை. அதில் மொனாக்கோ கொண்டை ஊசி வளைவை முதல் கியரில் எடுத்தவன் நம் கல்லட்டி மலைச்சாலையில் எந்த வண்டியையும் இறக்கிவிடுவான். 36 வளைவு! சென்னாவின் சொந்தப் பண்ணையில் இருந்த கார்ட் தடமும் இந்த ஆட்டத்தில் உண்டு, தெரியுமா? பிரேசிலில் டட்டுயி என்ற ஊர். பெயரை மட்டும் விற்றுவிட்டுப் போன வீரர் அல்ல அவர்.

பழையபெட்டி
கல்லட்டியில் முதல் கியரில் இறங்குவது இன்ஜினை நம்பி, பிரேக் சூடேறக் கூடாது என்பதற்காக. மொனாக்கோவில் முதல் கியர் போடுவது அதைவிட மெதுவாகப் போகும் வளைவு அந்தத் தடத்தில் இல்லை என்பதற்காக. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள். கல்லட்டியில் வெளியூர் வண்டிகளை இறங்க விடாததற்குக் காரணமே உங்களைப் போன்ற சென்னாக்கள்தான்.

வளைவு36
நான் உள்ளூர்க்காரன். என் ஜீப்புக்குக் கல்லட்டி பழக்கம். மொனாக்கோவில் ஆறு முறை வென்றவரைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் உங்களுக்கு ஏன் இத்தனை எரிச்சல்?

ஐம்பதுஹெர்ட்ஸ்
ஆறில் ஒன்று பிரிட்டன் வீரர் மான்செல் போட்ட பிச்சை. 1992இல் கடைசி ஏழெட்டுச் சுற்று வரை மான்செல்தான் முன்னால். சக்கரத்தில் கோளாறு என்று தடத்தோரம் டயர் மாற்றும் பிட்டுக்குப் போனார், சென்னா முந்திக்கொண்டார்.

வளைவு36
பிச்சையா? புது டயரோடு, அந்த ஆண்டின் மிக வேகமான வில்லியம்ஸ் காரோடு மான்செல் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஆட்டினார். தேய்ந்த டயரில் மெக்லாரனை வைத்துக்கொண்டு கடைசி வளைவு வரை வழி விடாமல் காத்தாரே, இடைவெளி ஒரு விநாடியில் கால் பங்குகூட இல்லை. அதற்கு என்ன பெயர்?

ஐம்பதுஹெர்ட்ஸ்
குறுகலான சாலை என்று பெயர். குன்னூர் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பும் அரசுப் பேருந்தையும்தான் யாராலும் முந்த முடியாது. அதற்காக ஓட்டுநருக்கு உலகக் கோப்பையா கொடுக்கிறார்கள்? இன்னொன்று, நம் 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். இங்கே உட்கார்ந்துகொண்டு எடுத்த சுற்று நேரத்தை எல்லாம் சாதனை என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

குன்னூர்க்குருவி
நம் பக்கத்து ஆளை விட்டுவிட்டு மொனாக்கோவுக்கு ஏன் போகிறீர்கள்? கோவை நரேன் கார்த்திகேயன் 2005இல் ஃபார்முலா 1 ஓட்டினார். அமெரிக்கப் பந்தயத்தில் நான்காம் இடம்.

பழையபெட்டி
ஆறே கார்கள் ஓடிய பந்தயத்தில். மிச்செலின் டயர் அணிகள் எல்லாம் அணிவகுப்புச் சுற்றோடு ஒதுங்கிவிட்டன. நரேன் நல்ல ஓட்டுநர், மறுக்கவில்லை. ஆனால் சான்று சொல்லும்போது முழுதாகச் சொல்ல வேண்டும்.

குன்னூர்க்குருவி
அந்த ஆறில் ஒன்றை ஓட்டியவர் நம் ஊர்க்காரர் என்பதையும் முழுதாகச் சொல்லுங்கள் ஐயா.

கட்டபெட்டு_காற்று (இரவு 8:05)
பிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் 172 என்று காட்டுகிறது. பக்கத்து வீட்டு எலக்ட்ரீஷியன் அண்ணன் மீட்டர் வைத்து அடாப்டரைப் பார்த்தார், 10 வோல்ட் இருக்கிறதாம். 9 போதும் என்றீர்களே, அதைவிட அதிகம்தானே? அடாப்டர் நன்றாக இருக்கிறது என்கிறார்.

குன்னூர்க்குருவி
கேட்டீர்களா! 10 வோல்ட். ரப்பரை எடுங்கள்.

சாலிடர்சாமி
பெட்டியில் செருகாமல் வெறுமனே அளந்திருப்பார். இந்த வகை அடாப்டர் சும்மா இருக்கும்போது எழுதியிருப்பதைவிட அதிகமாகவே காட்டும். ஊரில் மின்சாரம் சரியாக இருந்தால் அதே மீட்டரில் 13, 14 வரும். உங்களுக்கு 10தான் வருகிறது என்பதே நோய்க்குறி. பெட்டி இழுக்கும்போது அது எங்கே போகும் என்று கணக்குப் போடுங்கள். 240க்கு 9 என்றால் 172க்கு ஆறரை வோல்ட்கூட வராது. 7805க்கு அது பட்டினி.

புது அடாப்டர் தேடி இந்த நேரத்தில் அலைய வேண்டாம். டிவிக்குத் தனி ஸ்டெபிலைசர் இருந்தால் அதில் செருகுங்கள். இல்லையென்றால் பிரிட்ஜை அரை மணி நேரம் நிறுத்திவிட்டு அதன் ஸ்டெபிலைசரில் போட்டுப் பாருங்கள். வேறு எதையும் தொடாதீர்கள். ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது காரணம் என்று தெரியும்.

மஞ்சூர்_மழை
எங்கள் பாட்டி ரேடியோவை அரிசிப் பானைக்குள் வைப்பார். கேசட்டையும் ஓர் இரவு அரிசியில் போட்டுப் பாருங்களேன்.

குன்னூர்க்குருவி
அரிசி மாவு அந்தத் துளைக்குள் போனால் அப்புறம் எறும்பும் ஆடும். சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு டப்பாவில் மூடி வையுங்கள், போதும். அடுப்புக்குப் பக்கத்திலும் வைத்துவிடாதீர்கள். குளிர்ந்த பொருள் திடீரென்று சூட்டில் பட்டால் உள்ளேயே வியர்க்கும்.

கட்டபெட்டு_காற்று (மறுநாள், இரவு 9:30)
ஓடுகிறது. ரப்பர் போட்டுத் தேய்த்தேன், ஸ்டெபிலைசரிலும் செருகினேன். மெனுவில் மாற்றியதும் சத்தமும் வந்துவிட்டது. பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள். எல்லாருக்கும் நன்றி.

குன்னூர்க்குருவி
சொன்னேன் அல்லவா, ஈரம்தான்!

சாலிடர்சாமி
ஒன்றை மட்டும் மாற்றுங்கள் என்று எழுதினேன். இரண்டையும் ஒன்றாகச் செய்துவிட்டீர்கள். நாளை மாலை ஏழு மணிக்கு ஸ்டெபிலைசரை விட்டுச் சுவரில் நேராகச் செருகி ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அணைந்தால் வோல்டேஜ், அணையாவிட்டால் குருவி சொன்னது.

பழையபெட்டி
அவர் இனி வரமாட்டார். ஓடத் தொடங்கிவிட்டால் யாருமே வருவதில்லை.

வளைவு36
வந்தால், பிள்ளைகள் மொனாக்கோவில் எந்த கியரில் திரும்புகிறார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள் சித்தி.

குன்னூர்க்குருவி
அணையாது. தேய்த்த ரப்பரின் நுனி கறுத்திருந்ததா என்று மட்டும் அவரைக் கேளுங்கள்.