ஊர்க்காரர்களே பேசும் மாதக் கூட்டம்: எப்படி ஆரம்பிப்பது?

கரிசல்பையன்:
கோவில்பட்டியில் இருக்கிறேன். எங்கள் தெருவிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆளுக்கொரு விஷயத்தில் கில்லாடிகள் இருக்கிறார்கள், ஆனால் யாரும் அவர்களை உட்கார வைத்துக் கேட்டதில்லை. கடலைமிட்டாய் போடும் அண்ணாச்சி, இ.பி.யில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர், தீப்பெட்டி ஆபீஸில் (தொழிற்சாலையைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) வருஷக்கணக்கில் வேலை பார்த்த அக்கா, வீட்டுக்குள் பாம்பு வந்தால் நாங்கள் கூப்பிடும் பையன். மாதம் ஒரு ஞாயிறு சாயங்காலம் ஒருவர் பேச மற்றவர்கள் கேட்பது என்று யோசனை. கிளை நூலகத்தில் இடம் கேட்கலாம், இல்லை தெருவில் உள்ள மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் சும்மாவே கிடைக்கும்.

சிக்கல் என்னவென்றால் இவர்களில் ஒருத்தர்கூட மேடை ஏறியதில்லை. "எனக்கு என்ன தம்பி தெரியும், படிச்சவங்க நாலு பேரைக் கூப்பிடு" என்கிறார் லைன்மேன். எவ்வளவு நேரம் பேச விடுவது, மைக் வேண்டுமா, முதலில் யாரைப் பேச வைப்பது? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

தெற்குவாசல்:
விழா வாடையே வரக் கூடாது, அதுதான் முதல் விஷயம். நம்மவர்கள் பத்துப் பேர் கூடினாலே குத்துவிளக்கு, தலைமை, முன்னிலை, வரவேற்புரை, வாழ்த்துரை என்று வரிசை கட்டிவிடுவார்கள், பேச வந்தவர் வாயைத் திறக்கும்போது பாதிப் பேர் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். மதுரையில் எங்கள் குடியிருப்பில் நாற்காலியை வட்டமாகப் போட்டு மைக் இல்லாமல்தான் நடத்துகிறோம். முப்பது நாற்பது பேருக்கு மைக் எதற்கு? அதைக் கையில் கொடுத்ததும் நன்றாகப் பேசுகிற ஆளுக்கும் குரல் மாறி அடுக்குமொழி வந்துவிடும்.

அப்புறம் தலைப்பு. 'மின்சாரம் பற்றிப் பேசுங்கள்' என்றால் லைன்மேன் ஓடத்தான் செய்வார். 'கரண்ட் பில் 500 யூனிட்டைத் தாண்டினால் ஏன் எகிறுகிறது?' என்று கேட்டுப் பாருங்கள், தெருவில் நின்றே அரை மணி நேரம் பேசுவார். இரண்டு மாதக் கணக்கு 500க்குள் நின்றால் 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கு ஒரு குறைந்த விலை. தாண்டிவிட்டால் அந்த நூறு யூனிட்டுக்கும் இரட்டை விலை. ஒரு யூனிட் கூடியதற்கு இருநூறு ரூபாய்க்கு மேல் ஏறும் சமாச்சாரம் இது, வந்தவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டு பில்லோடு மல்லுக்கு நிற்பார்கள். பழைய ஃப்யூஸ் கட்டை, ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) என்று எதையாவது எடுத்துவரச் சொல்லுங்கள், கையில் சாமான் இருந்தால் கூச்சம் பாதி போய்விடும். ஆர்.சி.சி.பி.யில் ஒரு டெஸ்ட் பட்டன் இருக்கிறது, அதை அவ்வப்போது அமுக்கிப் பார்க்க வேண்டும் என்பதே நிறைய வீட்டில் தெரியாது.

பொடிநடை:
நேரக் கணக்குக்கு வெளியூர் உதாரணம் இரண்டு உண்டு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் 1998-ல் டங்கன் டல்லாஸ் என்பவர் காபிக்கடையில் அறிவியல் பேச்சு என்று ஆரம்பித்தார். சின்னதாக ஒரு பேச்சு, நடுவில் இடைவேளை, அப்புறம் முழுக்கக் கேள்விதான். டோக்கியோவில் 2003-ல் ஆஸ்ட்ரிட் க்ளைன், மார்க் டைதாம் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் ஆரம்பித்தது பெச்சகுச்சா: 20 படம், படத்துக்கு 20 வினாடி, மொத்தம் 6 நிமிடம் 40 வினாடியில் பேச்சை முடித்துவிட வேண்டும்.

இரண்டாவதை உங்கள் அண்ணாச்சி தலையில் கட்டாதீர்கள், அது படம் காட்டிப் பழகியவர்களுக்குச் சரி. லீட்ஸ் முறைதான் நமக்குத் தோது. இருபது நிமிடம் பேச்சு, டீ, பிறகு கேள்வி. டீயைக் கடைசியில் கொடுத்தால் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். நடுவில் கொடுங்கள், சபையில் கேட்கத் தயங்குகிறவர் டம்ளரும் கையுமாகப் பக்கத்தில் வந்து கேட்பார், அதையே 'இதை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேளுங்க' என்று இழுத்துவிடலாம்.

சுங்குடி:
விழா வேண்டாம் என்று தெற்குவாசல் சொல்வது படித்தவர்களுக்குப் பொருந்தும். பெரிய வேலையில் இருந்தவருக்குப் பொன்னாடை அலுத்திருக்கும். தீப்பெட்டி ஆபீஸ் அக்காவுக்கு இதுவரை யார் போர்த்தினார்கள்? வாழ்த்துரை எல்லாம் வேண்டாம், ஒரு துண்டாவது போர்த்துங்கள், போட்டோ எடுத்து பிரேம் போட்டுக் கொடுங்கள்.

அக்காவைத் தனியாக நிற்கவைத்துப் பேசச் சொல்லாதீர்கள். பழகிய பெண் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், 'தீக்குச்சியைக் கட்டையில அடுக்குறதுல ஒரு நாளைக்கு என்னக்கா கூலி நின்னுச்சு?' என்பது மாதிரி. பதில் தானாக வரும். ஆறு மணிக்கு மேல் வைத்தால் சமையல் என்று பெண்கள் வர மாட்டார்கள், நாலு மணிக்கு வையுங்கள்.

முதல் கூட்டம் கண்டிப்பாகக் கடலைமிட்டாய்தான். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது எல்லோருக்கும் தெரியும், பாகுப் பதம் எத்தனை பேருக்குத் தெரியும்? மண்டபத்தில் அடுப்பு இருக்கிறதே, அண்ணாச்சியை அங்கேயே காய்ச்சச் சொல்லுங்கள். வெல்லப் பாகை ஒரு சொட்டு தண்ணீரில் விட்டு, எடுத்து ஒடித்தால் சடக்கென்று உடைய வேண்டும். வளைந்தால் இன்னும் பதம் வரவில்லை. கொஞ்சம் தாண்டினாலும் கசப்புத் தட்டிவிடும். எங்கள் சித்தப்பா சொட்டு விடுவதற்கு முன்பே நுரையைப் பார்த்துச் சொல்லிவிடுவார், அது எப்படி என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை, அண்ணாச்சியிடம் எனக்காக ஒரு கேள்வி கேளுங்கள்.

கரிசல்பையன்:
சரி, அடுப்போடு அண்ணாச்சியே முதல் ஆள். லைன்மேனிடம் 500 யூனிட் கதையைக் கேட்டேன், வீட்டு வாசலில் நின்றபடியே ஆரம்பித்துவிட்டார். இன்னொன்று: பாம்பு பிடிக்கும் பையன் நிஜப் பாம்பையே டப்பாவில் கொண்டுவந்து காட்டுகிறேன் என்கிறான். கூட்டம் அள்ளும். விடலாமா?

பொடிநடை:
வேண்டவே வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பிடித்து வைத்துக் காட்டுவதே குற்றம், வீடியோ வெளியே போனால் முதலில் மாட்டுவது அந்தப் பையன்தான். சின்னப் பிள்ளைகளும் வருவார்கள். படம் போதும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் ஊரில் போடும் விஷமுறிவு மருந்து இந்த நாலுக்கும் சேர்த்துத்தான். கடித்த இடத்தைக் கீறாமல், இறுக்கிக் கட்டாமல், காலை அசைக்காமல் ஜி.எச்.சுக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதை அவன் வாயால் சொல்லச் சொல்லுங்கள், நாம் சொன்னால் எடுபடாது. கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியே தெரியாமல்கூடப் போகலாம் என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். மழைக்காலத்துக்கு முன்னால், ஆகஸ்ட் செப்டம்பரில் அவனுக்குத் தேதி கொடுங்கள்.